மரவட்டையைப் பார்த்தாலும் அலறுறோம், மாத்திரையைப் பார்த்தாலும் அலறுறோம்

மழை விட்டதும் ரெண்டு விஷயம் தவறாம நடக்கும் மக்களே. வீட்டுச் சுவத்துல மரவட்டை ஏறும். வாட்சப்புல முட்டைக்கோஸ் வீடியோ ஏறும்.

"முட்டைக்கோஸ் புழு மூளைக்குள்ள போயிடும், கொதிக்க வச்சாலும் சாகாது, பத்து பேருக்கு அனுப்புங்க." கூடவே ஒரு மூளை ஸ்கேன் படம்.

ஸ்கூல்ல குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்குற வாரம் வந்துட்டா அதே குரூப்புல ஒரு ஆடியோ வரும். "ஏதோ மாத்திரை தர்றாங்களாம், நம்ம பிள்ளைங்களுக்கு வேணாம்னு டீச்சர்கிட்ட சொல்லிடுங்க."

ரெண்டையும் அனுப்புறது பெரும்பாலும் ஒரே ஆள்தான். இல்லாத புழுவுக்குப் பயந்து காய்கறியைத் தூக்கிப் போடுறார். இருக்குற புழுவைக் கொல்ற மாத்திரையையும் தூக்கிப் போடுறார். எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல முட்டைக்கோஸ்.

கோஸ் இலைக்குள்ள சுருண்டு கிடக்குற பச்சைப் புழு ஒரு அந்துப்பூச்சியோட குட்டி. வைரமுதுகு அந்துப்பூச்சின்னு விவசாயிகளுக்கு நல்லாத் தெரியும். அதுக்கு வேண்டியது இலை. தெரியாம வெந்து வயித்துக்குள்ள போனா ஜீரணமாயிடும், அவ்வளவுதான் அதோட கதை.

அப்போ அந்த ஸ்கேன் படம் பொய்யா? இல்லை. நோய் நிஜம், காரணம்தான் பொய்.

பன்றி நாடாப்புழுன்னு ஒண்ணு இருக்கு. சரியா வேகாத பன்றிக்கறி மூலமா அது ஒருத்தர் குடலுக்குள்ள போய் வளரும். அந்த ஆளோட மலத்துல முட்டை வெளியேறும். அவர் மலம் கழிச்சுட்டு சோப்பு போட்டுக் கை கழுவாம சமைச்சாலோ, அந்த மலம் கலந்த தண்ணி காய்கறித் தோட்டத்துல பாஞ்சாலோ, அந்த முட்டை அடுத்தவர் வாய்க்குள்ள போகும். முட்டை பொரிஞ்சு, குஞ்சுப்புழு ரத்தம் வழியா மூளைக்குப் போய் கட்டியா உட்காரும். வலிப்பு வரும். நம்ம நாட்டுல பெரியவங்களுக்குப் புதுசா வலிப்பு வந்தா நாங்க தேடுற முக்கியமான காரணங்கள்ல இதுவும் ஒண்ணு.

கவனிச்சீங்களா? வாழ்நாள்ல பன்றிக்கறியே தொடாத சுத்த சைவருக்கும் இது வரலாம். கோஸ்ல மட்டும் இல்ல, கொத்தமல்லி, கேரட், வெள்ளரிக்காய்னு பச்சையா தின்னுற எதுல வேணும்னாலும் அந்த முட்டை ஒட்டியிருக்கலாம். கொதிக்க வச்சா செத்துடும். பச்சையா சாப்பிடுறதை ஓடுற தண்ணியில நல்லாக் கழுவணும். பிரச்சினை கோஸ் இல்ல, மனுஷ மலம். ஆனா "கையை சோப்பு போட்டுக் கழுவுங்க"ன்னு வீடியோ போட்டா யாரு ஷேர் பண்ணுவா?

அடுத்து மரவட்டை. ரயில் பூச்சின்னு சில ஊர்ல சொல்வாங்க.

"டாக்டர், மரவட்டை கடிச்சா விஷமா?" அது கடிக்கவே கடிக்காது. மக்கிப்போன இலை தின்னுற ஜீவன். கொட்டுறதுக்குக் கொடுக்கும் கிடையாது. பயந்தா சுருண்டுக்கும். ரொம்பச் சீண்டினா உடம்புல இருந்து ஒரு திரவத்தைக் கசிய விடும். அது தோல்ல பட்டா எரியலாம், பழுப்பா கருஊதாவா கறை விழலாம். தண்ணி விட்டுக் கழுவினா போதும், கறை போக நாளாகும். கண்ணுல பட்டா மட்டும் விளையாட்டு இல்ல. நிறையத் தண்ணி விட்டுக் கழுவிட்டு உடனே கண் டாக்டரைப் பாருங்க. குழந்தைங்க அதைக் கையில உருட்டிட்டுக் கண்ணைத் தேய்ச்சுட்டு வர்றது மழைக்காலத்துல வழக்கம்.

(ஆயிரங்கால் அட்டைன்னு பேரே தவிர, நம்ம சுவத்துல ஏறுறதுக்கு அவ்வளவு கால் கிடையாது. நிஜமாவே ஆயிரத்தைத் தாண்டின ஒண்ணை 2021-லதான் அறிவிச்சாங்க, ஆஸ்திரேலியாவுல, பூமிக்கு அடியில. 1,306 கால். எதுக்குச் சொல்றேன்னா, அழகா இருக்கும், தேடிப் பாருங்க.)

பூரான் வேற. அது வேட்டையாடுற ஜீவன். மரவட்டைக்குப் பெரும்பாலான கணுவுல ரெண்டு ஜோடி கால், பூரானுக்கு ஒரு ஜோடி. அதோட முதல் ஜோடி காலே விஷக்கொடுக்கா மாறியிருக்கு. கடிச்சா உயிர் போற மாதிரி வலிக்கும், ஆனா உயிர் போறது மிக மிக அரிது. கழுவுங்க, பொறுக்கிற சூட்டுல வெந்நீர்ல வைங்க, வலி மாத்திரை, தடுப்பூசி பாக்கி இருந்தா டிடி ஊசி. மூச்சு முட்டினாலோ முகம் உதடு வீங்கினாலோ ஆஸ்பத்திரி.

"காதுக்குள்ள போச்சுன்னா மூளைக்குப் போயிடுமே?" போகாது. காதுத் துவாரம் முடியுற இடத்துல செவிப்பறை இருக்கு, அதுக்கு மேல வழி கிடையாது. மூளையைத் தின்னும்ங்கிறது பாட்டி கதை. நிஜமான ஆபத்து எது தெரியுமா? உள்ள போன பூச்சியை எடுக்குறேன்னு நாம விடுற ஹேர்பின், தீக்குச்சி, மண்ணெண்ணெய். செவிப்பறை கிழிஞ்சு வர்றவங்கள்ல பூச்சி கிழிச்சதைவிட மாமா கிழிச்சதுதான் அதிகம். காதுல ஓட்டை, சீழ் எதுவும் இல்லாதவரா இருந்தா, சூடு பண்ணாத சுத்தமான எண்ணெய் சில சொட்டு விட்டா பூச்சி மூச்சடைச்சுச் செத்துடும். அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போய் எடுத்துக்கலாம். ராத்திரியே மூளைக்குப் போயிடும்னு பதற வேண்டாம்.

சரி, இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே படிச்சிருப்பீங்க. இனிமே அப்படி இல்ல.

நம்ம ஊர்ல "பூச்சி பொட்டு"ன்னு ஒரு வார்த்தை வச்சிருக்கோம். கரப்பான், வயித்துப் புழு, தேள் எல்லாம் அதுக்குள்ள அடங்கும். ராத்திரியில பாம்புன்னு வாயால சொல்லக் கூடாதுன்னு பாம்பையும் பூச்சின்னுதான் சொல்வோம். எது கடிச்சதுன்னு தெரியலைன்னா அதுக்கும் "காணாக்கடி"ன்னு பேர் ரெடி.

உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா எழும்பி அரிக்கிறதுக்குத்தான் பெரும்பாலும் காணாக்கடின்னு பேரு. கண்ணுக்குத் தெரியாத எதோ கடிச்சிருச்சாம். உண்மையில அது அலர்ஜி. மருந்து, சாப்பாடு, வைரஸ் காய்ச்சல்னு ஆயிரம் காரணம் இருக்கும், பல நேரம் காரணமே பிடிபடாது. ஆனா ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள தானா அமுங்கிடும். சாயங்காலம் மந்திரிச்சு வேப்பிலை அடிச்சா காலையில காணாமப் போகும். மந்திரிச்சவருக்குப் பேரு. மந்திரிக்காம விட்டிருந்தாலும் போயிருக்கும்.

இது தடிப்போட நின்னா நான் வாயே திறக்க மாட்டேன். வேப்பிலைக்கு நான் எதிரி இல்ல.

கட்டுவிரியன் இருக்கே, அது ராத்திரியில பாய்ல தரையில படுத்திருக்குறவங்களைக் கடிக்கும். கடிச்சது பல நேரம் தெரியவே தெரியாது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்தடம் தேடினாலும் கிடைக்காது. விடியக்காலையில வயித்து வலி, வாந்தி. அப்புறம் கண் இமை தூக்க முடியாம சொருகும், பேச்சுக் குழறும், எச்சில் முழுங்க முடியாது, கடைசியில மூச்சு நிக்கும். இதைக் "காணாக்கடி, பூச்சி ஏதோ கடிச்சிருக்கும்"னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போன நேரம் இருக்கு பாருங்க, அந்த நேரம்தான் உயிர். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவசமா இருக்கு. தரையில தூங்கி எழுந்தவருக்குக் காலையில இமை சொருகுச்சுன்னா எது கடிச்சதுன்னு விசாரிச்சுக்கிட்டு நிக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

தேளும் அப்படித்தான். கருந்தேளைப் பார்த்து எல்லாரும் நடுங்குவாங்க. ஆளைக் கொல்றது அந்தச் சின்னச் செந்தேள். கொட்டினதும் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை கால் சில்லிட்டு, வாந்தி வந்துச்சுன்னா விஷம் இதயத்தைத் தொட்டிருச்சுன்னு அர்த்தம். மகாராஷ்டிராவுல மஹாட்ங்கிற சின்ன ஊர்ல ஹிம்மத்ராவ் பவாஸ்கர்னு ஒரு டாக்டர். கண்ணு முன்னாடி குழந்தைங்க செத்துக்கிட்டே இருந்ததைப் பார்த்து, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்குற பிரசோசின்ங்கிற சாதா மாத்திரையைத் தேள் கடிக்குப் பயன்படுத்தலாம்னு காட்டினார். 1980-கள்ல லான்செட் இதழ்ல எழுதினார். செந்தேள் கடிச்சு நூத்துக்குக் கிட்டத்தட்ட நாப்பது பேர் செத்துக்கிட்டிருந்த நிலைமை, சரியான நேரத்துல வந்தா ஒண்ணு ரெண்டுன்னு குறைஞ்சுது. 2022-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நம்ம ஊர்ல இன்னமும் கயிறு கட்டி, தேள் கல்லு வச்சு உறிஞ்ச விட்டுக்கிட்டு இருக்கோம். மாத்திரையோட விலை ஒரு டீ காசுதான்.

உண்ணிக் காய்ச்சல் பத்தித் தனியாவே எழுதணும். இப்போதைக்கு இது மட்டும்: காய்ச்சல் அஞ்சு நாளைத் தாண்டிப் போனா அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ, இடுப்புல சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சிக் குஞ்சு கடிச்சு வர்றது. டாக்சிசைக்ளின் ஆரம்பத்துலயே கொடுத்தா குணமாகும், விட்டா நுரையீரல், கிட்னி வரைக்கும் போகும்.

இப்போ முக்கியமான ஆளுக்கு வர்றேன். கொக்கிப்புழு.

ஒரு சென்டிமீட்டர் நீளம். இதுக்கு யாரும் அலறுறது இல்ல, ஏன்னா யாரும் பார்த்தது இல்ல. திறந்தவெளியில மலம் கழிச்ச ஈரமண்ணுல இதோட குஞ்சு காத்துக்கிட்டு இருக்கும். செருப்பில்லாத காலைத் துளைச்சு உள்ள போகும். ரத்தத்துல நீந்தி நுரையீரலுக்கு வந்து, தொண்டைக்கு ஏறி, நாம எச்சிலோட முழுங்க, குடல்ல போய்ப் பல்லைப் பதிச்சுத் தொங்கும். அங்கேயே வருஷக்கணக்கா ரத்தம் குடிக்கும்.

கணக்குப் போடுவோம். நம்ம பக்கம் அதிகமா இருக்குற வகை ஒரு நாளைக்கு ஒரு புழுவுக்கு சுமார் 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தா நாளைக்கு 3 மில்லி, மாசத்துக்கு 90 மில்லி. ஒரு பொண்ணுக்கு மாதவிடாய்ல சராசரியாப் போறதே 30-40 மில்லிதான். அதாவது, அவளுக்கு மாசம் ரெண்டு தடவைக்கும் மேல கூடுதலா மாதவிடாய் வர்ற மாதிரி. யாருக்கும் தெரியாம.

நடவுக்குப் போற ஒரு அம்மாவைப் பார்த்தேன். நாப்பது வயசு இருக்கும். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, நாக்கு காகிதம் மாதிரி வெளுத்திருக்கு. ஹீமோகுளோபின் 4.6. கூட வந்த வீட்டுக்காரர் சொன்னது: "சோம்பேறித்தனம் டாக்டர், முன்ன மாதிரி வேலையே செய்ய மாட்டேங்குறா." ஒரு வருஷமா பீட்ரூட் ஜூஸும் பேரீச்சம்பழமும் கொடுத்திருக்காங்க. ஊத்துற பக்கம் ஊத்திக்கிட்டே இருந்தாங்க, ஓட்டைக்குடம்னு யாருக்கும் தெரியல. மலப் பரிசோதனையில கொக்கிப்புழு முட்டை நிறைய இருந்துச்சு. ரத்தம் ஏத்தி, இரும்புச்சத்து கொடுத்து, கூடவே அல்பெண்டசோல். மூணு மாசம் கழிச்சு வந்தப்போ வீட்டுக்காரரைத் திட்டிக்கிட்டே வந்தாங்க. அந்தத் திட்டைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

2019-21-ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி இந்தியாவுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 57% பேருக்கு ரத்தசோகை. எல்லாத்துக்கும் புழு காரணம்னு சொல்ல மாட்டேன், சாப்பாட்டுல இரும்புச்சத்து இல்லாததுதான் பெரிய காரணம். ஆனா செருப்பில்லாம சேத்துல நிக்கிற பொண்ணுக்கு ரெண்டும் சேர்ந்து அடிக்குது.

இந்தக் கதை நமக்குப் புதுசும் இல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாப் போன நம்ம ஜனங்களை இந்தப் புழு எப்படி உறிஞ்சுச்சுன்னா, 1916-லயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆட்கள் அங்க வந்து கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பிச்சாங்க. கூலிக்காரன் சோம்பேறின்னு துரைமார் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அந்த வீட்டுக்காரர் சொன்னதும் அதேதான்.

இப்போ மாத்திரைக்கு வருவோம். "ஸ்கூல்ல ஏன் எல்லாருக்கும் கொடுக்குறாங்க? டெஸ்ட் பண்ணிட்டுக் கொடுக்கலாமே?"

ஒரு மாத்திரையோட விலையைவிட மலப் பரிசோதனை செலவு பல மடங்கு. கொஞ்சமாப் புழு இருந்தா டெஸ்ட்ல தப்பிக்கவும் செய்யும். அல்பெண்டசோல் பல பத்தாண்டுகளா உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பிள்ளைங்க சாப்பிட்ட மருந்து. 2015-ல தேசிய குடற்புழு நீக்க நாள்னு ஆரம்பிச்சு 1 முதல் 19 வயசு வரைக்கும் கொடுக்குறாங்க. தமிழ்நாட்டுல 20 முதல் 30 வயசுப் பெண்களுக்கும் கொடுக்குறாங்க, கர்ப்பிணிகளும் பாலூட்டுற தாய்மார்களும் இந்த முகாம்ல சேர மாட்டாங்க.

"மாத்திரை சாப்பிட்ட பிள்ளைங்க மயக்கம்னு நியூஸ்ல வந்துச்சே?" வயித்துல புழு நிறைய இருக்குற பிள்ளைக்கு அது சாகும்போது வயித்து வலி, குமட்டல், ஒரு வாந்தி வரலாம். சில மணி நேரத்துல சரியாயிடும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததைப் பார்த்துப் பக்கத்து பெஞ்சு பிள்ளைங்களுக்கும் தலை சுத்தும், அது பயம். அந்த வயித்து வலி வந்த பிள்ளைக்குத்தான் மாத்திரை ரொம்பத் தேவையா இருந்துச்சு, அதை நியூஸ்ல சொல்ல மாட்டாங்க. அன்னைக்குக் காய்ச்சல் உள்ள பிள்ளைக்கும் வேற மருந்து சாப்பிடுற பிள்ளைக்கும் ஸ்கூல்ல கொடுக்க மாட்டாங்க. வலிப்பு நோய் இருக்குற பிள்ளைன்னா மட்டும் உங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க. ஏன்னு மேல மூளைக் கட்டி பத்திப் படிச்சவங்களுக்குப் புரியும்.

விவரம் தெரிஞ்ச சிலர் இங்க ஒரு கேள்வி கேட்பாங்க, நியாயமான கேள்வி. எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்குறதால பிள்ளைங்களோட சராசரி எடையும் படிப்பும் கூடுதான்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே பெரிய சண்டை. காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பெரிய பலன் தெரியலைன்னு சொல்லுது. கென்யாவுல மைக்கேல் கிரெமர் குழு பண்ணின ஆய்வு பலன் உண்டுன்னு சொல்லுது, அவருக்கு 2019-ல பொருளாதார நோபல் கிடைச்சுது. 'புழுப் போர்'னே இதுக்குப் பேரு. ஆனா சண்டை எதைப் பத்தின்னு பாருங்க. புழு இல்லாத பிள்ளைங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தா எவ்வளவு லாபம்ங்கிறதுதான் கேள்வி. புழு இருக்குற பிள்ளைக்கு மருந்து வேணுமாங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. உங்க பிள்ளை அந்த ரெண்டுல எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொரு பக்கம், எதுக்கெடுத்தாலும் "பூச்சி மருந்து எழுதிக் கொடுங்க டாக்டர்" கூட்டம். முகத்துல வெள்ளையாத் தேமல் வந்தா பூச்சி, தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிச்சா பூச்சி, இனிப்பு தின்னா பூச்சி. தேமல் தோல் வறட்சியால வர்ற ஒவ்வாமை வகை. பல் கடிக்கிறதுக்கும் புழுவுக்கும் தொடர்பு உறுதியாகல. சர்க்கரையில இருந்து புழு முளைக்காது, முட்டை வாய்க்குள்ள போனாத்தான் வரும். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல நேரமில்லாம மாசாமாசம் சிரப் எழுதித் தர்ற எங்க ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

நிஜ அறிகுறி ஒண்ணு உண்டு. ராத்திரி ஆசனவாய்ல அரிப்பு. கீரிப்பூச்சி, நூல் மாதிரி வெள்ளையா இருக்கும். பெண்புழு ராத்திரி வெளிய வந்து முட்டை போடும், பிள்ளை சொறியும், நகத்துல ஏறும், விரல் வாய்க்குப் போகும். மறுபடி முதல்ல இருந்து. அதனாலதான் மாத்திரை கொடுத்தும் திரும்ப வருதுன்னு புலம்புறீங்க. வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிடணும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை. நகம் வெட்டுங்க, காலையில எழுந்ததும் கழுவி விடுங்க, படுக்கை விரிப்பைத் துவைங்க. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வச்சா பிள்ளைதான் காயும், புழு கெட்டியாப் பிடிச்சுக்கும்.

மாத்திரையைப் பத்தி இவ்வளவு பேசிட்டு இதைச் சொல்லாம விட்டா அது அரைப் பேச்சு. மாத்திரை குடல்ல இருக்குறதைத்தான் கொல்லும், மண்ணுல இருக்குறதை இல்ல. உருளைப்புழுவோட பெண் ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் முட்டை வரைக்கும் போடும். அது மண்ணுல வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்திரையை நீட்டுற அரசாங்கம் அதே ஸ்கூல் கக்கூஸுல தண்ணி வருதான்னு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கணும். பக்கத்துல ஒரு துண்டு சோப்பு வேணும். மாத்திரை நாளுக்கு மைக் பிடிக்க வர்றவங்க, குழாயைத் திருகிப் பார்த்துட்டுப் போகலாம்.

முடியாத வேலை இல்ல. நரம்புச் சிலந்தின்னு ஒரு நோய் இருந்துச்சு. பேருதான் சிலந்தி, அதுவும் புழுதான். குளத்துத் தண்ணி, படிக்கிணத்துத் தண்ணியில உள்ள போய், ஒரு வருஷம் கழிச்சுக் காலைப் பொத்துக்கிட்டு ரெண்டு மூணு அடி நீளத்துக்கு வெளிய வரும். குச்சியில சுத்திச் சுத்தி நாள் கணக்கா இழுப்பாங்க. அதுக்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணியை வடிகட்ட வச்சு, படிக்கிணறை மாத்தி, கைப்பம்பு போட்டு, வீடு வீடா ஆளைத் தேடிப் போய், 1996-ல ராஜஸ்தான்ல கடைசி நோயாளியோட இந்தியாவுல முடிச்சாங்க. 2000-ல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துச்சு. இன்னைக்கு எங்க மாணவர்களுக்கு அது புத்தகத்துல ஒரு படம் மட்டும்.

மாத்திரை நாளைத் தவற விட்டவங்களுக்கு: அடுத்த வாரமே விடுபட்டவங்களுக்குன்னு ஒரு நாள் இருக்கும், டீச்சரைக் கேளுங்க. அதுவும் போச்சுன்னா அங்கன்வாடி, கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், எங்க கேட்டாலும் கிடைக்கும், காசு கிடையாது. ரெண்டு வயசுக்கு மேல 400 மில்லிகிராம் முழு மாத்திரை, ஒண்ணுல இருந்து ரெண்டு வயசுக்குள்ள அரை மாத்திரை. சின்னப் பிள்ளைக்கு ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல நல்லாப் பொடிச்சு, தண்ணியில கலந்து கொடுங்க. அழுற பிள்ளை வாயைப் பிடிச்சுத் திணிக்காதீங்க, புரையேறும். பெரிய பிள்ளைங்க முழுங்கக் கூடாது, மென்னு சாப்பிடணும். இனிப்பாத்தான் இருக்கும்.